குடல் அடைத்துக்கொண்டால் என்னிடம் வராதீர்கள்!

முந்தின வருஷம் ஐப்பசி மாதம். வெளியே நல்ல மழை. டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"டாக்டரய்யா, அப்பச்சிக்கு வயிறு பானை மாதிரி உப்பிக்கிடக்கு. முந்தாநாள்லேருந்து வெளிக்கிப் போகலை. நேத்துலேருந்து காத்தும் பிரியலை. சாயங்காலம் ஆத்தா விளக்கெண்ணெய் குடுத்தாக. இப்ப வாந்தி எடுக்கிறாக. நீங்க அகத்தியர் குழம்புன்னு ஏதோ பேதிக்குக் குடுப்பீகளாமே, அதை வாங்கிக்கிற ஆள் அனுப்பவா?"

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெரியவர் மூன்று மாதமாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்னிடம்தான்!

"வாயில பச்சைத் தண்ணிகூடக் குடுக்காதீங்க. உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரியாப் பாத்துப் போங்க" என்றேன்.

"நீங்க வந்து ஒரு தடவை நாடி பாத்துட்டீங்கன்னா..."

"நாடி பாக்குற நேரம் இல்லைம்மா இது. கிளம்புங்க!"

ஒரு சித்த வைத்தியனே இப்படி எழுதுகிறானே என்று சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். என் சகாக்கள் சிலருக்குக் கோபம்கூட வரலாம். பரவாயில்லை. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வயிறு சம்பந்தமாக எது வந்தாலும் முதலில் விளக்கெண்ணெய், அப்புறம் நாட்டு மருந்து, அதற்கும் கேட்கவில்லை என்றால்தான் ஆஸ்பத்திரி என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம். சாதாரண மலச்சிக்கலுக்கு அந்த வரிசை சரி. குடல் அடைப்புக்கு அந்த வரிசையே எமன்!

அடைப்பு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நமக்குச் சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர். பெருங்குடல் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே ஓடி, இடது பக்கம் இறங்கி ஆசனவாயில் முடிகிறது. வலது பக்கத்தில் குழாய் அகலம், உள்ளே இருப்பதும் கூழ் மாதிரி. அங்கே புற்றுநோய்க் கட்டி வளர்ந்தால் சீக்கிரத்தில் அடைக்காது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, ஆள் வெளுத்துப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருவார். இடது பக்கம் அப்படி இல்லை. அங்கே குழாய் குறுகல், மலம் கெட்டி. கட்டி வளையம் போலச் சுற்றி வளர்ந்து வழியை இறுக்கிவிடும். மலம் விரல் தடிமனுக்குச் சன்னமாகும். இரண்டு நாள் சிக்கல், மூன்றாம் நாள் கழிச்சல் என்று மாறி மாறி வரும். போய்விட்டு வந்தாலும் மிச்சம் இருப்பது போலவே தோன்றும். கடைசியில் ஒரு நாள் முழுசாக மூடிக்கொள்ளும். பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் இப்படி அடைத்துக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு இந்தக் கணக்கு மாறும், கூடத்தான் மாறும்.

(எல்லா அடைப்பும் புற்றுநோய் இல்லை. குடலிறக்கம் சிக்கிக்கொண்டாலும், பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கொண்டாலும், குடல் முறுக்கிக்கொண்டாலும், குடலில் காசநோய் இருந்தாலும் அடைக்கும். எதுவானாலும் போக வேண்டிய இடம் ஒன்றுதான்.)

இப்போது பேதி மருந்துக்கு வருவோம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. பலருக்கு அது ஒருவழிக் கதவு. உள்ளே வந்தது திரும்பிப் போகாது. கீழே கட்டி, மேலே கதவு. நடுவில் மலமும் காற்றும் மாட்டிக்கொள்கின்றன. சைக்கிள் டியூபில் காற்றை ஏற்றிக்கொண்டே போனால் எந்த இடம் மெல்லிசோ அந்த இடம்தானே முட்டை விடும்? பெருங்குடலில் அந்த இடம் வலது அடிவயிற்றில் உள்ள தொடக்கப் பை. அகலம் கூடக் கூட அதன் சுவரில் இழுவையும் கூடும். அது பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி விரிந்துவிட்டால் எந்த நேரமும் வெடிக்கலாம் என்று சர்ஜன்கள் பதறுவார்கள். வெடித்தால் மலம் வயிறு முழுக்கப் பரவும். அதற்குப் பிறகு பிழைத்து எழுவது பெரும்பாடு.

இந்த நிலைமையில் நீங்கள் கொடுக்கிற விளக்கெண்ணெயும், நிலாவரையும், நேர்வாளம் சேர்ந்த எங்கள் கடும் பேதி மருந்துகளும் என்ன செய்யும்? குடலைப் பிசைந்து தள்ளச் சொல்லும். தள்ளுவதற்கு வழி எங்கே இருக்கிறது? மூடிய கதவில் மோதி மோதி, வெடிக்கிற நேரம்தான் முன்னால் வரும்.

பாதரசத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு சித்த வைத்தியனால் கட்டுரை எழுத முடியாது என்பீர்கள். இதோ வந்துவிட்டது! 1776-ல் பிரான்சு நாட்டில் ருவான் நகரத்தில் நடந்தது. ஒரு ஒயின் வியாபாரிக்கு மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்து முழுசாக அடைத்துக்கொண்டது. பேதி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. பாதரசம் கனமானது அல்லவா, அதன் பாரம் அடைப்பைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்று சுமார் இரண்டு பவுண்டு பாதரசத்தை விழுங்க வைத்தார்கள். அதுவும் உள்ளேயே தங்கிவிட்டது. கடைசியில் பில்லோர் என்ற சர்ஜன் வலது அடிவயிற்றைத் திறந்து, பெருங்குடலின் தொடக்கத்தில் ஓட்டை போட்டு, அதை வயிற்றுத் தோலோடு சேர்த்துத் தைத்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மலம் வெளியேறியது, வயிறு வற்றியது, ஆள் தேறினார். ஆனால் இருபத்தெட்டாம் நாள் இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தால், சிறுகுடலில் தேங்கிய பாதரசத்தால் அந்த இடம் அழுகிப் போயிருந்தது. ஆபரேஷன் தன் வேலையைச் செய்திருக்கிறது; முன்னால் கொடுத்த மருந்துதான் ஆளை முடித்திருக்கிறது. அடைப்புக்கு வயிற்றில் வழி ஏற்படுத்தும் சிகிச்சையின் சரித்திரமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. இருநூற்றைம்பது வருஷமாகப் போகிறது... நாம் இன்னும் விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நம் பெரியவருக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, சலைன் ஏற்றி, சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இடது அடிவயிற்றில், பெருங்குடல் வளைந்து இறங்குகிற இடத்தில் கட்டி. நூல் நுழைய இடமில்லை. ராத்திரி ஒரு மணிக்கு சர்ஜன் வெளியே வந்து, "இன்னிக்கே திறக்கணும். கட்டியை எடுத்துட்டு, மேல்பக்கக் குடலை வயித்துல கொண்டுவந்து வைக்கணும். மலம் கொஞ்ச நாளைக்குப் பையிலதான் வரும். கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த நேரத்தில்தான் நானும் போய்ச் சேர்ந்தேன்.

வராந்தாவில் ஒரே சச்சரவு. "காலையில மெட்ராஸுக்குக் கொண்டு போயிருவோம், அங்க பை இல்லாமப் பண்ணுவாக" என்கிறார் பெரியவரின் தம்பி. மெட்ராஸ் இங்கிருந்து நானூறு கிலோமீட்டர்! "பையைக் கட்டிக்கிட்டு இவுக எப்படிப் படைப்புக்கு நிக்கிறது? சாமி வீட்டுக்குள்ள எப்படிப் போறது? இந்தக் கோலத்துல இவுகளைப் பாக்கவா நான் இருக்கேன்?" என்று ஆச்சி அழுகிறார். மகன் சிங்கப்பூரிலிருந்து போனில், "செகண்ட் ஒப்பீனியன் எடுங்க" என்கிறார். மகள் மட்டும் என் முகத்தைப் பார்க்கிறாள். ஒன்றரை மணி நேரம் இப்படியே போய்விட்டது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பெரியவர்கிட்ட யாராவது கேட்டீகளா?"

யாரும் கேட்கவில்லை. அவருக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. உள்ளே போய் நானே சொன்னேன். அவர் கேட்டது இரண்டே வார்த்தை: "வலி போகுமா?" போகும் என்றேன். "அப்ப வைக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான். எழுபது வயது மனிதருடைய வயிற்றுக்கு, அவரைத் தவிர மற்ற எல்லோரும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்!

அந்த வராந்தாவில் அன்றைக்கு நான் அவசர அவசரமாகச் சொன்னதை, இங்கே நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்கும் இது தேவைப்படாமலே போகட்டும். தேவைப்பட்டால், கையெழுத்துப் போடும் முன் சர்ஜனிடம் என்ன கேட்பது என்றாவது தெரியும்.

கட்டி வலது பக்கம் என்றால் பெரும்பாலும் சிக்கல் குறைவு. வலது பாதிக் குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலை மிச்சமுள்ள பெருங்குடலோடு அப்போதே இணைத்துவிடுவார்கள். சிறுகுடலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் தையல் நன்றாகப் பிடிக்கும். பை தேவைப்படாமலே பலர் வீடு திரும்புகிறார்கள்.

இடது பக்கம்தான் எல்லா விவாதமும். அடைப்புக்கு மேலே உள்ள குடல் வீங்கி, சுவர் மெலிந்து, உள்ளே மலம் நிரம்பிக் கிடக்கிறது. கீழே உள்ள குடல் சுருங்கிக் கிடக்கிறது. ஒன்று பூசணிக்காய், இன்னொன்று புடலங்காய். இரண்டையும் அந்த ராத்திரியில் ஒட்டவைத்தால் ஒட்டுகிற இடம் கசியலாம். கசிந்தால் மலம் வயிற்றுக்குள். ஆகவே பாரிஸ் நகரத்து ஹென்றி ஹார்ட்மன் என்ற சர்ஜன் 1921-ல் சொன்ன வழி இன்றைக்கும் உலகம் முழுக்க நடக்கிறது: கட்டியை வெட்டி எடு, கீழ்முனையைத் தைத்து மூடி உள்ளேயே விடு, மேல்முனையை வயிற்றில் கொண்டுவந்து வை. உடம்பு தேறிய பிறகு, சில மாதம் கழித்து, இன்னொரு ஆபரேஷனில் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். நம் பெரியவருக்குச் செய்தது இதுதான். இதில் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது: எல்லோருக்கும் அந்த இரண்டாவது ஆபரேஷன் நடப்பதில்லை. வயோதிகம், இருதயக் கோளாறு, நோய் பரவியிருப்பது, அல்லது "இதுவே போதும், இன்னொரு தடவை என்னைக் கிழிக்காதீங்க" என்கிற அலுப்பு... பலருக்குப் பை நிரந்தரமாகிவிடுகிறது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று டாக்டர் சொன்னால், "நிச்சயமாக எடுத்துவிடலாமா, இல்லை எடுக்க முடியாமலும் போகலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் திடகாத்திரமாக இருந்து, குடலும் மோசமாகாமல் இருந்து, அனுபவப்பட்ட சர்ஜனும் இருந்தால் இடது பக்கத்திலும் அன்றைக்கே கட்டியை எடுத்து இணைத்துவிடுவது உண்டு. சில சமயம் வீங்கிய பெருங்குடலைக் கிட்டத்தட்ட முழுசாகவே எடுத்துவிட்டுச் சிறுகுடலை மலக்குடலோடு சேர்ப்பார்கள். தண்ணீரை உறிஞ்சுகிற பெருங்குடல் போய்விடுவதால் ஒரு நாளைக்குப் பல தடவை கக்கூஸ் போக வேண்டிவரும். வயதானவருக்கு அது பையைவிடத் தொந்தரவாகவும் ஆகலாம்.

ஆள் ரொம்பத் தளர்ந்திருந்தால் கட்டியில் கை வைக்காமல், மேலே மட்டும் ஒரு வழி திறந்து பை வைத்து, முதலில் உயிரைக் காப்பாற்றுவார்கள். கட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மலக்குடலில் கட்டி இருந்தால் இந்த முறைக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. அடைப்பு நீங்கியதும் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, அப்புறம் திட்டமிட்டு ஆபரேஷன் செய்யலாம்.

இனி ஸ்டென்ட். இருதயத்துக்கு வைப்பது போலக் குடலுக்கும் உலோக வலைக் குழாய் இருக்கிறது. 1990-களில் வந்தது. ஆசனவாய் வழியாக எண்டோஸ்கோப் கருவியை விட்டு, கட்டியின் நடுவே இதைச் செருகினால், அது மெல்ல விரிந்து வழி விடும். கத்தி இல்லை. அடைப்பு நீங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பைத் தேற்றி, பிறகு நிதானமாக ஆபரேஷன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் செருகும்போது குடலில் ஓட்டை விழலாம். கட்டி இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்தால் நோய் வயிற்றுக்குள் பரவும் அபாயமும் சேர்ந்து வரும். பிரிட்டனில் நடந்த 'கிரெஸ்ட்' என்ற ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. ஸ்டென்ட் வைத்தவர்களில் பை தேவைப்பட்டவர்கள் குறைவு. மூன்று வருஷ ஆயுள் கணக்கில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஸ்டென்ட் வைக்கத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால் நல்லது. அந்தக் கையைத் தேடிக்கொண்டு வீங்கிய வயிற்றோடு ஊர் ஊராக அலைவது நல்லதில்லை. நோய் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவி, குணப்படுத்த வழியில்லை என்று ஆனவர்களுக்கு ஸ்டென்ட் பெரிய வரப்பிரசாதம். கடைசி மாதங்களில் கஞ்சியாவது குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மெட்ராஸுக்குப் போவதா என்ற கேள்விக்கு என் பதில்: புற்றுநோய் சிகிச்சைக்குப் போங்கள், அடைப்புக்குப் போகாதீர்கள். அடைப்பை நீக்க, பொது அறுவை சிகிச்சை தெரிந்த சர்ஜனும், மயக்க டாக்டரும், ரத்தமும் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி போதும். நம் மாவட்டத்தில் சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மதுரையில் ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954-லிருந்து இருக்கிறது, நல்ல இடம். அடைப்பு நீங்கிய பிறகு பயாப்ஸி ரிப்போர்ட்டோடு போகலாம். எடுத்த குடலோடு குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளையாவது சோதித்திருக்கிறார்களா என்று அந்த ரிப்போர்ட்டில் பாருங்கள். அதை வைத்துத்தான் அடுத்து கீமோ வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ராத்திரியே பையில் எடுத்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இனி அந்தப் பை. நோயைவிட நம்மை அதிகம் பயமுறுத்துவது அதுதான். அன்றைக்கு ஆச்சி அழுததை நான் கேலி செய்ய மாட்டேன். சுத்தம், தீட்டு, மடி என்று வளர்ந்தவர்களுக்கு மலம் வயிற்றில் வருவது என்றால் மானம் போகிற விஷயம்தான். சில வருஷங்களுக்கு முன் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அம்மாளுக்கு இதே அடைப்பு. பை என்றதும் பிள்ளைகள், "எங்க அம்மாவை இப்படி அசிங்கப்படுத்தப் பாக்க மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போனபோது அந்த அம்மாளின் வயிறு பலகை மாதிரி இருந்தது. ஐம்பத்தாறு வயது. அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

பை என்பது என்ன? வயிற்றுத் தோலில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, வாய்க்குள் இருக்கிற தோல் மாதிரிச் சிவப்பாக, ஈரமாக ஒரு வாய். தொட்டால் வலிக்காது, அதில் வலி நரம்பு கிடையாது. அதைச் சுற்றி ஒட்டும் தகடு, தகட்டில் பை. பெருங்குடலின் இடது பக்கத்தில் வைத்தால் மலம் ஏறக்குறைய கெட்டியாகவே, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை வரும். சிறுகுடலில் வைத்தால் தண்ணீராக வரும். அவர்கள் உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு வற்றிவிடும். தகட்டைச் சில நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். குளிக்கலாம். வேட்டி, சேலைக்கு உள்ளே வெளியே தெரியாது. தகடு சரியாக ஒட்டியிருந்தால் நாற்றம் வராது. நாற்றம் வந்தால் கசிகிறது என்று அர்த்தம். வாய்க்குத் தகுந்த அளவில் தகட்டில் ஓட்டை வெட்டாவிட்டால் சுற்றிலும் தோல் புண்ணாகும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல்தான் பலர் அவதிப்படுகிறார்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1981-ல் சுடப்பட்டபோது அவர் வயிற்றிலும் இப்படித்தான் வழி வைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் மூடினார்கள். அவர் போகாத பூஜையா?

சர்ஜன்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு "பை" என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் குடலைக் கிறுக்கிக் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியை உட்கார வைத்து, வேட்டி கட்டுகிற இடம், வயிறு மடிகிற இடம் எல்லாம் பார்த்து, பை எங்கே வரும் என்று பேனாவால் குறித்துவையுங்கள். அவசரத்தில் மடிப்பில் வைத்துவிட்டால் ஆயுளுக்கும் கசிவு.

மற்றவர்களைச் சொல்லியாகிவிட்டது. என்னைச் சொல்ல வேண்டாமா? பெரியவர் ஆடி மாதம் முதல் தடவை வந்தபோது, "சிக்கலா இருக்கு, சில நாள் ரத்தமும் படுது" என்றார். ரத்தம் என்றதும் மூலம் என்று முடிவு கட்டிவிட்டேன். கருணைக்கிழங்கு லேகியம், ராத்திரிக்கு நிலாவரைச் சூரணம். இரண்டு வாரம் நன்றாக இருந்தார். மறுபடி சிக்கல், நடுவில் கழிச்சல். சூரணத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனேன். அவர் சட்டை தொளதொளவென்று ஆனதைக் கண்ணால் பார்த்தேன். எடை போட்டுப் பார்க்கவில்லை. விரல் விட்டுக்கூடப் பரிசோதிக்கவில்லை. "பாத்திருந்தாலும் கட்டி விரலுக்கு எட்டுற இடத்துல இல்லை சார்" என்று சர்ஜன் பிற்பாடு ஆறுதல் சொன்னார். எட்டியிருக்காதுதான். ஆனால் அங்கே மூலமும் இல்லை என்பதாவது எனக்குத் தெரிந்திருக்குமே!

பாளையங்கோட்டைக் கல்லூரியில் பேதி கொடுக்கக் கற்றுத் தந்தபோது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் படிக்க வைத்தார்கள். எங்கள் புற மருத்துவம் முப்பத்திரண்டு வகை. அதில் 'அறுவை' என்பதும் ஒன்று, கீறலும் ஒன்று, பீச்சும் ஒன்று. கத்தி எங்களுக்கு அந்நியமில்லை. காலப்போக்கில் அதை விட்டுவிட்டோம். விட்டதை இன்னொருவர் கையில் பார்க்கும்போது வைகிறோம். புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வது 1954-ம் வருஷச் சட்டப்படியே குற்றம். இருந்தும் அந்த மாதிரி நோட்டீசுகள் கண்ணில் படத்தான் செய்கின்றன. அவற்றை நம்பி நாலு மாதம் கஷாயம் குடித்துவிட்டுக் கட்டி முற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்த்து எங்கள் துறை வெட்கப்பட வேண்டும்.

அதனால் இப்போது என் டிஸ்பென்சரியில் ஒரு வழக்கம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர் புதிதாக மலச்சிக்கல் என்று வந்தால், ரத்தம் உண்டா, மலம் சன்னமாகிறதா, எடை இறங்கியதா, குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்றுநோய் வந்ததா என்று கேட்காமல் மருந்து மடிப்பதில்லை. எதற்காவது 'ஆமாம்' என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை, கொலனாஸ்கோபி. அமெரிக்காவில் 2021 முதல் தொந்தரவே இல்லாதவர்களுக்கும் 45 வயதில் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நம் நாட்டு அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் இருப்பவை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றின் புற்றுநோய்கள்தான்; குடலை நாமேதான் கவனித்துக்கொள்ள வேண்டும். அடைத்துக்கொண்ட பிறகு ராத்திரியில் செய்கிற ஆபரேஷனைவிட, முன்கூட்டியே கண்டுபிடித்துப் பகலில் திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷனில் ஆபத்து ரொம்பக் குறைவு. பை வைக்க வேண்டிய தேவையும் குறைவு. (உப்புக்கண்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லிவிட்டது. செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதற்கு மேல் நான் பேச விரும்பவில்லை!)

பெரியவருக்கு இரண்டு நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்தது. ஆறு மாதம் கீமோ எடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் என்னிடம் மருந்து கேட்டபோது, கீமோ கொடுக்கிற டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் கூடாது என்று சொல்லி, குழைந்த சோறும் மோரும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். "இதுக்கு ஃபீஸ் வேறயா?" என்று சிரித்தார். ஆரம்பத்தில் பையை மாற்ற மகள்தான் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு நாள் ஆச்சியே, "தள்ளு, நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாராம். படைப்புக்கும் நின்றார், முன்வரிசையில். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடிக்குப் பின்னால் குன்றக்குடி வரைக்கும் நடந்தார், வேட்டிக்குள் பையோடுதான். திரும்ப இணைக்கிற ஆபரேஷனுக்கு சர்ஜன் தேதி கொடுத்தும், "பேத்தி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அவருடைய மைத்துனர் என்னிடம் வந்தார். உட்கார்ந்ததும் ஒரு கவரை எடுத்து மேஜை மேல் வைத்தார். "ரெண்டு மாசமாச் சிக்கல். உங்ககிட்ட மருந்து வாங்கப் போறேன்னு அத்தான்கிட்டச் சொன்னேன். முதல்ல கொலனாஸ்கோபி பண்ணி ரிப்போர்ட்டோட போ, இல்லாட்டி அந்த வைத்தியர் சூரணத்தைக் குடுத்துருவாருன்னு சொல்லிட்டாக."

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். குடல் சுத்தமாக இருந்தது. சூரணம் கொடுத்தேன்.